அவள் பேரில் ஓடியது

எங்கள் லேபில் சாம்பிள் வாங்கும் மேசைக்கு ஒரே ஒரு கம்ப்யூட்டர். ஆட்கள் மூன்று பேர். நான், என் மனைவி, அக்கா. அக்கா எங்களுக்கு உறவு இல்லை. பதினெட்டு வருடமாக அந்த மேசையில் இருப்பவர் என்பதால் மேலாளர்கூட அவரை அப்படித்தான் கூப்பிடுவார்.

கிளினிக்குகளிலிருந்து ரத்தம் அடைத்த சிறு குழாய்கள் பெட்டியில் வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு. சீட்டில் உள்ள பெயர், வயது, பரிசோதனை ஆகியவற்றைக் கம்ப்யூட்டரில் அடித்தால் ஸ்டிக்கர் அச்சாகி வரும். குழாயில் ஒட்டி உள்ளே அனுப்புவோம். பத்தாவது படித்தவர்கள் செய்யக்கூடிய வேலை. நாங்கள் பட்டம் வாங்கிவிட்டுச் செய்தோம்.

கஷ்டம் வேலையில் இல்லை, கம்ப்யூட்டரில் இருந்தது. பத்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் அது தானாக ஆளை வெளியே தள்ளிவிடும். மறுபடி உள்ளே போகக் கடவுச்சொல் போதாது. போனுக்கு ஆறு இலக்க எண் ஒன்று வரும், அதையும் அடிக்க வேண்டும். போன்களோ வராந்தா லாக்கரில். மேசைக்குக் கொண்டுவர அனுமதி இல்லை. கையுறையைக் கழற்றி, கை கழுவி, வராந்தாவுக்குப் போய், எண்ணை மனப்பாடம் செய்துகொண்டு ஓடி வருவதற்குள் அது காலாவதியாகியிருக்கும். அக்கா ஒரு முறை முழங்கையில் எழுதிக்கொண்டு வந்தார். அப்போதும் தாமதம். நான்காம் நடையில், "இவ்ளோ நடந்ததுக்கு வீட்டுக்கே போய்ச் சேர்ந்திருப்பேன்" என்றார்.

விதிப்படி ஒரு நாளுக்கு ஒருவர்தான் அடிக்க வேண்டும். மற்ற இருவரும் குழாய்களையும் ஸ்டிக்கரையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மேலாளர் எங்கிருந்தாலும் அவர் திரையில் எங்கள் மேசை யார் பேரில் இருக்கிறது என்று தெரியும். நடுவில் பேர் மாறினால் போன் செய்து, "காலையில இருந்தவங்க எங்க?" என்பார். ஆனால் பெட்டிகள் விதியைப் பார்த்து வருவதில்லை. காலையில் முதலில் வருபவர் தன் எண்ணைப் போட்டு உள்ளே நுழைவார். மாலை வரை யார் கை சும்மா இருக்கிறதோ அவர் அதே பேரில் அடிப்பார். "இன்னைக்கு யாரு பேர்ல ஓடுது?" என்பதுதான் எங்கள் காலை வணக்கம். கம்ப்யூட்டர் வெளியே தள்ளிவிட்டால், "பேர் விழுந்துடுச்சு" என்போம்.

பேர் விழாமல் இருக்க அக்கா ஒரு வழி வைத்திருந்தார். பழைய மேசைக் கடிகாரம் ஒன்றை மல்லாக்கப் படுக்கவைத்து, அதன் கண்ணாடி மேல் மவுஸை வைப்பார். அடியில் நொடி முள் ஓட ஓட, யாரோ மவுஸை நகர்த்துவதாகக் கம்ப்யூட்டர் நம்பிக்கொள்ளும். சாப்பிடப் போகும்போது, "எலியைச் சவாரி ஏத்தியாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் அக்கா எழுந்திருப்பார்.

பெரும்பாலும் என் மனைவி பேரில்தான் ஓடும். நான் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு மாடி ஏறுவதற்குள் அவள் நுழைந்திருப்பாள்.

"ஏன் தம்பி, வீட்லயும் அவ பேர்லதான் ஓடுதா?" என்பார் அக்கா.

"கரண்ட் பில் மட்டும் என் பேர்ல இருக்குக்கா."

"அதான் அடிக்கடி கட் ஆகுது" என்பாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

படிவத்தின் கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. காலியாக விட்டால் கம்ப்யூட்டர் அடுத்ததற்குப் போகாது. எழுதவும் ஒன்றும் இருக்காது. அக்கா இரண்டு புள்ளி வைப்பார். நான் ஒரு கோடு போடுவேன். அவள் 'சரி' என்று அடிப்பாள். ஒரு நாளைக்கு நூறு, நூற்றைம்பது 'சரி'. ஒரு கோடு போட்டால் போதுமே என்று சொன்னால், "ரெண்டு எழுத்தை மிச்சம் பிடிச்சு எங்க கொண்டுபோய்க் கொட்டப் போறீங்க?" என்பாள்.

அந்தப் புதன்கிழமை காலையிலேயே தலை வலிக்கிறது என்றாள். பதினொரு மணிக்கு மாத்திரை போட்டாள். பன்னிரண்டுக்கு நெற்றியை மேசை விளிம்பில் வைத்துக்கொண்டாள்.

"கிளினிக் போயிட்டு வந்துடறேன்."

"நானும் வரேன்."

"நீங்க வந்தா இங்க? அக்கா ஒருத்தரா ரெண்டு பெட்டியைப் பாப்பாங்களா? என் பேர் விழுந்துட்டா அரை நாள் லீவு போச்சு. தங்கச்சி பிரசவத்துக்குன்னு மூணே மூணு நாள் வச்சிருக்கேன். விழாம பாத்துக்குங்க, அது போதும்."

"வண்டி பிடிச்சுப் போ. நடக்காதே."

"போறேன் சார்."

ஆபீசில் என்னைக் கிண்டலாக சார் என்றுதான் கூப்பிடுவாள். அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

பேர் விழாமல் பார்த்துக்கொண்டேன். நன்றாகவே பார்த்துக்கொண்டேன். பெட்டி வந்தபோது நானும் அக்காவும் மாற்றி மாற்றி அடித்தோம். பெட்டி இல்லாதபோது மவுஸ் கடிகாரத்தின் மேல் இருந்தது. மேலாளர் அன்று தலைமை அலுவலகத்தில் இருந்தார், அங்கிருந்து போன் எதுவும் வரவில்லை. ஆறு ஐந்துக்கு அவள் பேரை முறைப்படி மூடிவிட்டு வராந்தாவுக்குப் போனேன். கிளினிக்கில் கூட்டமாக இருந்திருக்கும், நேராக வீட்டுக்குப் போயிருப்பாள் என்று நினைத்தேன். லாக்கரைத் திறந்தேன். போனில் பதினொரு அழைப்புகள். எல்லாம் ஒன்று முப்பத்தைந்திலிருந்து இரண்டே முக்காலுக்குள்.

கிளினிக் பெஞ்சில் சரிந்திருக்கிறாள். பெரிய ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போயிருக்கிறார்கள். மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது. ஆஸ்பத்திரிச் சீட்டில் நேரம் போட்டிருந்தார்கள். இரண்டு நாற்பது.

ஆபீசில் யாரும் நேரம் கேட்கவில்லை. மாலை வரை வேலை பார்த்தாள், வீட்டுக்குப் போகும் வழியில் போய்விட்டாள் என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். நான் திருத்தவில்லை. அக்காவுக்கு மட்டும் தெரியும்.

பதினேழு நாள் கழித்து வேலைக்குத் திரும்பினேன். அக்கா எனக்கு முன்பே வந்து தன் எண்ணைப் போட்டு வைத்திருந்தார். தினமும் அப்படித்தான் வந்தார். யார் பேரில் ஓடுகிறது என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. மாலையில் அத்தை, என் மாமியார், போன் செய்வார். "சாப்டீங்களா மாப்பிள்ளை?" என்பார். சாப்பிட்டேன் என்பேன். "நீங்க?" என்றால் அவரும் சாப்பிட்டாச்சு என்பார். இருவர் சொல்வதும் பொய் என்று இருவருக்கும் தெரியும். போனை வைத்துவிடுவோம்.

எட்டாவது வாரம் மேலாளர் கூப்பிட்டார்.

"உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?"

வேண்டாம் என்றேன். அவர் குடித்தார்.

"எப்படிச் சொல்றதுன்னு தெரியல. ரெண்டு பேஷன்ட். ஒரே பேர். ஒருத்தருக்கு நாப்பத்தேழு வயசு, இன்னொருத்தருக்கு நாப்பத்தொண்ணு. சாம்பிள் நம்பர் மாறிப் பதிவாயிருக்கு. நோய் இருக்கிறவங்களுக்கு ஒண்ணுமில்லன்னு ரிப்போர்ட் போயிருக்கு. ஒண்ணுமில்லாதவங்களுக்கு இருக்குன்னு. அவங்க பயந்துபோய் வேற இடத்துல மறுபடி பாத்ததுனாலதான் விஷயம் வெளிய வந்துச்சு. அதுக்குள்ள அஞ்சு வாரம் போயிடுச்சு. தலைமை அலுவலகம் மூணு வாரமா விசாரிச்சிட்டு என்கிட்ட அனுப்பியிருக்காங்க."

"எப்போ பதிவானது சார்?"

தேதியைச் சொன்னார். அந்தப் புதன்கிழமை.

"மதியம் ரெண்டு அம்பத்திரண்டு. உங்க மிசஸ் பேர்ல. யார் எப்போ அடிச்சாங்கன்னு கம்ப்யூட்டர்ல லாக் இருக்கு, பாத்துட்டேன். காலையில ஏழு அம்பத்தெட்டுக்கு உள்ள வந்தவங்க ஆறு அஞ்சு வரைக்கும் ஒரு தடவைகூட வெளிய தள்ளப்படல. பத்து நிமிஷம் சீட்டை விட்டு எழுந்தா மெஷின் சும்மா விடுமா? அப்ப அவங்கதான் இருந்திருக்காங்க."

மேலாளர் டம்ளரை ஓரமாக நகர்த்திவைத்தார்.

"யாரும் குத்தம் சொல்லப் போறதில்லங்க. உடம்பு முடியாமலும் சாயங்காலம் வரைக்கும் வேலை பாத்திருக்காங்கன்னு நல்ல விதமாத்தான் எழுதியிருக்கேன். பதிவு செய்தவர் காலமாகிவிட்டதால் மேல்நடவடிக்கை இல்லைன்னு முடிச்சிடலாம். அனுப்பறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணிச்சு."

"லாக்கை நான் பாக்கலாமா சார்?"

ஒன்பது பக்கம் அச்சடித்து வைத்திருந்தார். ஒவ்வொரு வரியிலும் நேரம், சாம்பிள் எண், பதிவு செய்தவர், குறிப்பு. பதிவு செய்தவர் என்ற இடத்தில் மேலிருந்து கீழ்வரை அவள் பெயர். குறிப்பில் சரி, சரி, சரி. நடுநடுவே என் கோடு, அக்காவின் புள்ளிகள். மறுபடியும் சரி. பன்னிரண்டு ஏழுக்கு ஒரு 'சரி'. அதற்குப் பிறகு கோடும் புள்ளியும்தான். பக்கத்தைத் திருப்பினேன். கோடும் புள்ளியும். இரண்டு ஐம்பத்திரண்டுக்கு அடுத்தடுத்து இரண்டு வரிகள். இரண்டிலும் கோடு.

அந்தச் சீட்டுகள் எனக்கு நினைவில்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அவள் போய்ப் பன்னிரண்டு நிமிடம் ஆகியிருக்கிறது. நான் அவள் பேரில் உட்கார்ந்து வேறு ஒருவருடைய எண்ணை மாற்றி அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

கடைசிப் பக்கத்துக்கு வந்தேன். ஆறு ஐந்து, வெளியேறினார். எனக்கு அந்தத் தாள் பிடித்திருந்தது. இதை யாரிடமும் சொன்னதில்லை. உலகத்தில் அவள் அன்று மாலை வரை இருந்தாள் என்று சொல்லும் ஒரே தாள் அதுதான்.

"நாளைக்குச் சொல்றேன் சார்" என்றேன்.

"என்ன சொல்லணும்? சரி, நாளைக்கே வாங்க."

அக்கா கை கழுவும் தொட்டியருகே நின்றிருந்தார். குழாய் திறந்திருந்தது, கை கழுவவில்லை. விஷயம் அதற்குள் அவர் காதுக்கு எட்டிவிட்டது.

"புள்ளியா, கோடா?" என்றார்.

"கோடுக்கா."

மூச்சை விட்டார். விட்டது எனக்குக் கேட்டுவிட்டது என்று தெரிந்ததும் குழாயை மூடி, புடவைத் தலைப்பால் காய்ந்த கையைத் துடைத்தார்.

"பாவம் ஓரிடம், பழி ஓரிடம்னு ஆயிப்போச்சே" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தம்பி, நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே. செத்தவளுக்கு வேலை போகாது. உனக்குப் போகும். அவளே இருந்தா என்ன சொல்லுவா? என் பேர்லயே இருந்துட்டுப் போகட்டும்னுதான் சொல்லுவா."

"சொல்லுவா."

"அப்புறம் என்ன?"

"இந்த மேசையில அவ ஒரு தடவை தப்பா அடிச்சு நீங்க பாத்திருக்கீங்களா?"

அக்கா யோசித்தார். எனக்காக ஒரு தப்பாவது கிடைக்குமா என்று நிஜமாகவே தேடினார்.

"இல்ல" என்றார். "என் வயித்தெரிச்சலே அதான். ஸ்டிக்கரைக் கோணலா ஒட்டினாகூட உரிச்சு மறுபடி ஒட்டுவா, எமகாதகி."

இருவரும் கொஞ்சம் சிரித்தோம். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கடிகாரத்தைப் பத்தியும் சொல்லுவியா?"

"சொல்லாம எப்படி நம்புவாங்க? அது இல்லாம அவ பேர் எப்படி நின்னுச்சுன்னு கேப்பாங்கல்ல."

"எனக்கு இன்னும் மூணு வருஷம் சர்வீஸ் இருக்கு தம்பி."

"என்னோட கடிகாரம்னு சொல்லிடறேன்."

பெட்டி வந்தது. மாலை வரை வேலை பார்த்தோம். அவர் பேரில்.

மறுநாள் காலை பல் விளக்கினேன். சட்டைக்கு இஸ்திரி போட்டேன். ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துப் பையில் வைத்தேன். பெரிய முடிவு எடுத்ததுபோல எதுவும் தோன்றவில்லை. பஸ் தாமதமாகிவிடுமோ என்ற கவலைதான் இருந்தது. ஸ்கூட்டரை நான் இப்போது எடுப்பதில்லை.

மேலாளர் சீட்டை வாங்கிப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"ரெண்டு நாப்பது. மதியமா?"

"மதியம் சார்."

"அப்ப ரெண்டு அம்பத்திரண்டுக்கு..."

"நான்தான் சார். பன்னெண்டு பத்துக்கே அவ கிளம்பிட்டா. லீவு போகக் கூடாதுன்னு பேரை விழாம வச்சிருந்தேன்."

எப்படி என்று கேட்டார். கடிகாரத்தைச் சொன்னேன். என்னுடையது என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கடிகாரம் எத்தனை வருடமாக யார் மேசையில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. எழுதிக்கொண்டார்.

"இது எனக்குத் தெரியாமயே இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றார்.

"ஆமா சார்."

"வேலையை விட்டு நிறுத்தி வைக்கச் சொல்லுவாங்க. நான் பேசிப் பாக்கறேன். ஆனா நடக்காது."

"பரவால்ல சார்."

"எல்லாத்துக்கும் பரவால்லன்னு சொல்லாதீங்க. கேக்கவே பயமா இருக்கு."

லாக்கில் அவள் கிளம்பிய பிறகு உள்ள ஒவ்வொரு பக்கத்திலும், எந்த வரிகள் நான் அடித்தவை என்று குறித்துக் கையெழுத்துப் போடச் சொன்னார். புள்ளி வைத்த வரிகளையும் நானே எடுத்துக்கொண்டேன். கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்கினேன். ஆறு ஐந்துக்கு நேரே இருந்த அவள் பெயரைப் பேனாவால் அடித்துவிட்டுப் பக்கத்தில் என் பெயரை எழுதினேன். பிறகு ஐந்தரை. பிறகு நாலு. ஒவ்வொரு பக்கமாக அவள் பின்னால் போய்க்கொண்டிருந்தாள். மூன்று மணி தாண்டும்போது பேனாவை வைத்தேன். மேலாளர் தண்ணீரை என் பக்கம் நகர்த்தினார். இந்த முறை குடித்தேன். பன்னிரண்டு பத்து வரை வந்து நிறுத்தினேன்.

"அந்த அம்மா வியாழக்கிழமை வராங்க" என்றார். "நாப்பத்தேழு வயசுக்காரங்க. திருத்தின ரிப்போர்ட்டும் விளக்கக் கடிதமும் தரணும்."

"நான் தரட்டுமா சார்?"

"திட்டுவாங்க."

"அதனாலதான் சார்."

வியாழக்கிழமை வரவேற்பறைக்குப் பக்கத்துச் சின்ன அறையில் காத்திருந்தேன். நாற்காலி இரண்டு, மேசை ஒன்று, சுவரில் தீயணைப்புக் கருவி. அந்த அம்மா பிளாஸ்டிக் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். தனியாகத்தான் வந்திருந்தார். தலையைத் துணியால் கட்டியிருந்தார். நான் எழுந்து நின்றேன். கடிதத்தைக் கொடுத்தேன். மெதுவாகப் படித்தார். ஒரு வரிக்கு விரலை வைத்துத் திரும்பப் படித்தார்.

"தப்பா அடிச்சவர்னு இதுல எழுதியிருக்கிறது நீங்களா?"

"நான்தாம்மா."

"அப்ப இது யாரு?" ஃபைலைத் திறந்து பழைய ரிப்போர்ட்டை எடுத்தார். அடியில் 'பதிவு செய்தவர்' என்ற இடத்தில் அவள் பெயர் அச்சாகியிருந்தது. எங்கள் ரிப்போர்ட்டுகளில் அது இருக்கும். நாங்கள் யாரும் அதைக் கவனித்ததே இல்லை.

"என் மனைவிம்மா. அன்னைக்கு மதியம் இறந்துட்டா. அவ போனதுக்கு அப்புறம் அவ பேர்ல நான் அடிச்சது அது."

அந்த அம்மா உட்கார்ந்தார். நான் உட்காரலாமா என்று தெரியாமல் நின்றேன்.

"டாக்டர் பரவாயில்லன்னுதான் சொல்றார்" என்றார். "அஞ்சு வாரம் முன்னாடியே வந்திருந்தா இன்னும் பரவாயில்லையாம்."

"ம்."

"ஒண்ணுமில்லன்னு ரிப்போர்ட் வந்த அன்னைக்கு வீட்ல எல்லாரும் சேர்ந்து வெளிய போய்ச் சாப்பிட்டோம். என் பொண்ணு அவ்ளோ சிரிச்சா. இப்ப அந்தப் போட்டோவைப் பாத்தா கிழிச்சுப் போடணும்போல இருக்கு."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. ரிப்போர்ட்டில் இருந்த பெயரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு வாரமா இந்தப் பேரைத்தான் திட்டிட்டு இருக்கேன். மாத்திரை போடும்போது ஒரு தடவை, சீப்புல முடி வரும்போது ஒரு தடவை. எங்கேயோ நல்லா இருப்பா, புருஷன் புள்ளைன்னு சிரிச்சிட்டு இருப்பா, அவ நல்லா இருக்கவே கூடாதுன்னு." தலையை நிமிர்த்தினார். "என்ன வயசு?"

"இருபத்தொம்பது."

"செத்தவளையா நான் திட்டினேன்?"

"உங்களுக்குத் தெரியாதேம்மா."

"எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்ல?" மேசையை ஒரு தட்டுத் தட்டினார். அதுவரை நீங்கள் என்று பேசிக்கொண்டிருந்தவர். "வந்து சொல்றதுக்கு உனக்கு என்ன? அந்தப் பொண்ணு பேரைச் சொல்லிச் சொல்லி என் வாயைப் பாவத்துல விட்டுட்டியே. அது உனக்கு என்ன செஞ்சுது? உன்னைக் கட்டிக்கிட்டதைத் தவிர அது என்ன தப்பு செஞ்சுது?"

"தப்பு செய்யலம்மா."

அவர் அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. எட்டு வாரமாக வரவில்லை. மேசையில் டிஷ்யூ பெட்டி இருந்தது. அவர் பக்கம் நகர்த்தினேன். ஒன்றை இழுத்து முகத்தைத் துடைத்து, கசக்கி ஃபைலுக்குள்ளேயே போட்டுக்கொண்டார். பழைய ரிப்போர்ட்டை நான்காக மடித்து என்னிடம் கொடுத்தார்.

"இதை நீயே வச்சுக்கோ. இனிமே அந்தப் பேர் என் வாயில வராது."

புதிய கடிதத்தைக் கண்ணுக்கு அருகில் பிடித்துப் பார்த்தார்.

"உன் பேர் என்ன? கையெழுத்துக் கிறுக்கலா இருக்கு, படிக்க முடியல."

சொன்னேன்.

அவர் மெல்ல வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். நடுவில் ஓர் எழுத்து தவறியிருந்தது. திருத்திச் சொன்னேன்.